இதயத்துக்கு நெய்யா, குளுக்கோஸா? எங்கள் அத்தைக்காக ஒரு கேள்வி

3 ஜனவரி 2025, இரவு 9.40 (மலேசியா, பட்டர்வொர்த் மருமகள்)

எங்கள் அத்தைக்கு 67 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) 20 வருடமாக இருக்கிறது. நவம்பரில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம் 35 சதவிகிதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆளுக்கொரு யோசனை. களைப்பாக இருக்கும்போது குளுக்கோஸ் தண்ணீர் கொடு, இதயத்துக்குத் தெம்பு என்கிறார் என் நாத்தனார். இதயம் கொழுப்பில்தான் ஓடுகிறது, சோற்றை நிறுத்திவிட்டு நெய்யும் தேங்காய் எண்ணெயும் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். வீடியோவும் அனுப்பியிருக்கிறார். யார் சொல்வது சரி?

3 ஜனவரி, இரவு 11.15 (ஆயர் ஈத்தாம் அக்கா)

இரண்டும் வேண்டாம். குளுக்கோஸ் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். நெய் டின்னையும் திறக்க வேண்டாம். நான் 31 வருடம் பார்மசியில் நின்றவள், என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். நாளை விரிவாக எழுதுகிறேன். அத்தை என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மட்டும் பெயரோடு எழுதிப் போடுங்கள்.

4 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு ஆபத்தான ஓட்டை இருக்கிறது. முதலில் அதை அடைக்கிறேன். அத்தை இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்து, திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இனிப்புத் தண்ணீர் உடனே கொடுக்கத்தான் வேண்டும். அது மூளையைக் காப்பாற்ற. களைப்புக்கு மருந்தாகத் தினமும் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்றேன்.

4 ஜனவரி, பிற்பகல் 3.20

சரி, அங்கிள் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்து.

இதயம் 300 கிராம் எடை இருக்கும். ஒரு நாளில் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. துடிப்பதற்குச் செலவாகும் சக்திப் பொருளுக்கு ஏடிபி என்று பெயர். அதை இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 6 கிலோ செய்து செலவழிக்கிறது, தன் எடையைப் போல் 20 மடங்கு. கையிருப்பு என்று பார்த்தால் சில நொடிகளுக்குத்தான் வரும். அடுப்பு ஒரு நிமிடம் அணைந்தாலும் தாங்காத வீடு அது.

அந்த அடுப்பில் எரிவது கொழுப்பு அமிலம், சர்க்கரை, லாக்டேட் (சர்க்கரை அரைகுறையாக உடையும்போது வருவது), கீட்டோன் (பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்வது), கொஞ்சம் அமினோ அமிலம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 70 சதவிகிதம் கொழுப்பிலிருந்து வருகிறது. அதுவரை அங்கிள் சொன்னது சரி.

ஆனால் அந்தக் கொழுப்புக்காக நாம் நெய் ஊற்ற வேண்டியதில்லை. நம் இடுப்பிலும் வயிற்றிலும் இருக்கும் கொழுப்பு இரவு பகலாகக் கரைந்து ரத்தத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஆல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு போய் இதயத்தில் இறக்கிவிடுகிறது. இட்லியும் ரசமும் மட்டும் சாப்பிடும் ஒல்லியான பாட்டியின் இதயமும் பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்கிறது. எரிபொருள் பற்றாக்குறையால் யாருடைய இதயமும் பலவீனமாகிப் பார்த்ததில்லை.

4 ஜனவரி, இரவு 8.05

ஒன்று விட்டுவிட்டேன். '35 சதவிகிதம்' என்றால் இதயத்தில் 65 பங்கு செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. இடது அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயத்திலேயே 55, 60, 65 தான் இருக்கும், 100 யாருக்கும் கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லாததால் 2017-ல் ஒரு மாதம் முழுக்க அழுதிருக்கிறேன். அத்தையிடமும் சொல்லுங்கள்.

7 ஜனவரி, இரவு 10.30

நாத்தனாரின் குளுக்கோஸ் விஷயம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அளவு ஏடிபி செய்ய, சர்க்கரையை எரிப்பதைவிடக் கொழுப்பை எரிக்கும்போது 10 முதல் 12 சதவிகிதம் கூடுதலாக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ரத்தக்குழாய் அடைத்து ஆக்சிஜன் குறைந்த இதயத்துக்கு அந்தப் பத்து சதவிகிதம் பெரிய விஷயம். அப்படியானால் சர்க்கரையைத் திணிக்கலாமே என்று பெரிய டாக்டர்களே நினைத்தார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்குக் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து டிரிப் ஏற்றும் யோசனை 1960-களிலிருந்தே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை நம்பினேன். 2005-ல் வெளியான கிரியேட்-எக்லா ஆய்வில் 20,201 பேரை வைத்துப் பார்த்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள் டிரிப் ஏற்றியவர்களில் 10 சதவிகிதம், ஏற்றாதவர்களில் 9.7. ஒரு பயனும் இல்லை.

இனிப்புநீர்க்காரருக்கு இன்னொரு சிக்கல். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடக்கும், ஆனால் இதயத் தசைக்குள் அது நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும், அந்தக் கதவு இறுகிப்போயிருக்கிறது. அதே நேரத்தில் உடம்புக் கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் கரைந்து வருகிறது. பிலிப் ராண்டல் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் 1963-ல் ஒன்று காட்டினார்கள்: கொழுப்பு எரியும்போது சர்க்கரை எரிவதை அது தடுக்கிறது. சர்க்கரையும் இன்சுலினும் கூடியிருந்தால், கொழுப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் (உயிரணுவுக்குள் ஏடிபி செய்யும் அடுப்பு) நுழையும் வாசல் அடைபடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஒன்று போக, மற்றது ஒதுங்கும். நல்ல இதயம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பக்கம், பட்டினியில் மறு பக்கம் என்று சுலபமாக மாறிக்கொள்கிறது. இனிப்புநீர் வந்த இதயத்துக்கு அந்த மாற்றம் வருவதில்லை. கொழுப்பிலேயே சிக்கிக்கொண்டு, அதே வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவழிக்கிறது. எரிக்க முடியாத மிச்சக் கொழுப்பு தசைக்குள்ளேயே தங்கிக் கெடுதல் செய்கிறது.

குழாயில் அடைப்பே இல்லாத இனிப்புநீர்க்காரரின் இதயமும் தளர்ந்துபோகலாம் என்று 1972-லேயே எழுதிவிட்டார்கள். 1974-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த ஆய்வின் கணக்கு: இனிப்புநீர் உள்ள ஆண்களுக்கு இதயத் தளர்ச்சி இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4.

இந்த இதயத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றினால் அது போய்ச் சேருவது இதயத்துக்கு அல்ல, மீட்டர் எண்ணுக்குத்தான்.

8 ஜனவரி, காலை 7.10

'அப்படியென்றால் களைப்பு எதனால்?' என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். தளர்ந்த இதயத்தில் எரிபொருள் குறைவதில்லை, எரிக்கும் அடுப்பு பழுதாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்து, ஏடிபி அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடலாம். சர்க்கரையை அரைகுறையாக உடைக்கும் வேலை கூடுகிறது, முழுதாக எரிக்கும் வேலை கூடுவதில்லை. விறகை அடுக்கி என்ன செய்வது?

கருவில் இருக்கும் குழந்தையின் இதயம் சர்க்கரையிலும் லாக்டேட்டிலும்தான் ஓடும். பிறந்து மூச்சு விட்டு, பால் குடித்த பிறகு கொழுப்புக்கு மாறும். தளர்ந்த இதயம் திரும்பக் கரு இதயத்தின் பழக்கங்களுக்குப் போகிறது. இதைப் படித்த அன்று, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 ஜனவரி, மாலை 5.45

'60 முதல் 70' என்று எழுதியதைத் திருத்த வேண்டும். தவறில்லை, ஆனால் முழுசாக இல்லை. 2020-ல் ஒரு ஆய்வு: 110 பேருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தத்தையும் இதயத்திலிருந்து வரும் ரத்தத்தையும் எடுத்து, எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இதயத்தின் சிரைக்குள் குழாய் விட்டு ரத்தம் எடுக்கும் வழியை ரிச்சர்ட் பிங் என்ற டாக்டர் 1940-களிலேயே காட்டிவிட்டார், இப்போது நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே சமயத்தில் அளக்க முடிகிறது. நன்றாக அடிக்கும் இதயங்களில் கொழுப்பின் பங்கு 85 சதவிகிதம் வரை வந்தது. சர்க்கரை கிட்டத்தட்ட எடுக்கவே இல்லை. தளர்ந்த இதயங்களில் கீட்டோனின் பங்கு 6.4-லிருந்து 16.4 சதவிகிதத்துக்கு ஏறியிருந்தது.

ஆனால் அவர்கள் எல்லாரும் பட்டினியில் இருந்தவர்கள். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் எண்கள் வேறாக இருந்திருக்கும். எந்த வீடியோவாவது ஒரே ஒரு சதவிகிதத்தைக் காட்டிப் பேசினால், எப்போது அளந்தது, சாப்பிட்ட பிறகா, சாப்பிடாமலா என்று கேளுங்கள்.

12 ஜனவரி, இரவு 9.00

இந்தச் 'சாப்பிட்ட பிறகா, சாப்பிடாமலா' என்பதை நான் கண்ணால் பார்த்தவள். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

2017-ல் என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. இதயத்தின் முன்சுவர் அசையவே இல்லை. பைபாஸ் செய்தால் பயனுண்டா, அந்தத் தசை செத்துவிட்டதா, இல்லை ரத்தம் பற்றாமல் உறங்குகிறதா என்று தெரிய வேண்டும். அதற்காகப் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு பெட் ஸ்கேன் எடுக்கப் போனோம். ரேடியோ அணு ஒட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை இதயம் எங்கே எடுக்கிறது என்று படம் பிடிப்பார்கள்.

அவரும் இனிப்புநீர்க்காரர். அங்கே போனதும் ஒரு கப் நிறைய குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வருடக்கணக்கில் சர்க்கரை போடாமல் தே ஓ கொசோங் (பாலில்லாத வெறும் தேநீர்) குடிக்க வைத்தவள் நான். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், வந்த பதில் 'இதுதான் முறை'. அவ்வளவுதான். ஒரு வரி விளக்கியிருந்தால் போதும், அந்த ஒன்றரை மணி நேரம் நான் துடித்திருக்க மாட்டேன். அப்புறம் இன்சுலினும் போட்டார்கள். பிறகுதான் எனக்கே புரிந்தது: இதயத்தைக் கொழுப்பிலிருந்து சர்க்கரைக்கு மாற்றினால்தானே உயிருள்ள தசை அந்தச் சர்க்கரையை எடுக்கும்! ரத்தம் குறைவாக வரும் இடத்தில் சர்க்கரை எடுத்தால் தசை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

முன்சுவர் படத்தில் எரிந்தது. பைபாஸ் செய்தோம். 30 சதவிகிதமாக இருந்த எண் எட்டு மாதத்தில் 42 ஆனது.

இதே ஸ்கேனை என் தோழிக்கும் எடுத்தார்கள், செயற்கை வால்வில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்க. அவளுக்கு நேர் எதிர் உத்தரவு: முதல் நாள் சோறு, ரொட்டி, பழம் எதுவும் கூடாது, முட்டையும் கோழியும் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடு, அப்புறம் பட்டினி. இதயத் தசை முழுக்கக் கொழுப்புக்கு மாறி, சர்க்கரையைத் தொடாமல் இருட்டாகிவிட வேண்டும், அப்போதுதான் வால்வில் கிருமி இருக்கும் இடம் மட்டும் தனியாகத் தெரியும். அவள் இரவில் பசி தாங்காமல் ஒரு கப் மைலோ (இனிப்பு பானம்) குடித்துவிட்டாள். மறுநாள் இதயம் முழுக்க ஒளிர்ந்து, ஒன்றும் பார்க்க முடியாமல், இன்னொரு நாள் திரும்ப எடுத்தார்கள். ஒரு கப் மைலோ!

14 ஜனவரி, பொங்கல், மதியம்

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. அத்தைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாமா என்று கேட்டால், இரண்டு ஸ்பூன் கொடுங்கள். பண்டிகையன்று ஒரு வயதானவரை வாசலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள்.

நெய் பற்றி மட்டும்: அதில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. தினமும் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அது படிவது இதயத்துக்கு எரிபொருளும் ஆக்சிஜனும் கொண்டுபோகும் குழாயின் சுவரில். இதயம் எரிக்கும் கொழுப்பு அமிலம் ஒன்று, குழாயில் படியும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் வேறு. அங்கிளின் வீடியோ இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் நேரே சக்தியாகிவிடும் என்பதும் பெரிதாக உண்மையில்லை. அப்படிச் சுலபமாக எரியும் குட்டைக் கொழுப்பு அதில் கொஞ்சம்தான். பாதி லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பின் வழியிலேயே போகிறது. எல்டிஎல்லையும் ஏற்றுகிறது.

19 ஜனவரி, ஞாயிறு, காலை

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் விஷயம் இதேதான்.

சோறு நிறுத்து, சோறு நிறுத்து என்கிறார்கள். சோறும் இதயமும் பற்றிய மிகப் பெரிய பாடம் நம் நாட்டில்தான் கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரி வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் நிற்கும். அத்தைக்கு வந்த அதே அறிகுறிகள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் டாக்டராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார்: சீனத் தொழிலாளர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தது தவறு, கவனித்தது சரி. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி தின்றவர்களுக்குத்தான் நோய் வந்தது. அப்புறம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டேன்டனும், குற்றம் அரிசியில் இருப்பதில் இல்லை, தீட்டும்போது போய்விடுவதில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

போனது தயமின், அதாவது வைட்டமின் பி1. சர்க்கரை உடைந்து மைட்டோகாண்ட்ரியாவின் வாசலுக்கு வரும்போது அதை உள்ளே விடும் நொதிக்கு தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்தம் முழுக்கச் சர்க்கரை இருந்தும் இதயம் அதை எரிக்க முடியாது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுசாகப் போகாது.

கெடா தோட்டத்தில் என் பாட்டி புழுங்கல் அரிசிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். கடையில் வெள்ளை அரிசி மலிவு என்று தாத்தா சொன்னால் சண்டை. ஏன் என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியாது, 'வயித்துல நிக்கும்' என்பார். இன்றைக்கு இதை எழுதும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு இதில் ஒரு பயன் உண்டு. நீர் மாத்திரையான ஃபுரூசமைடு தயமினையும் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகும். நீண்ட நாளாகச் சாப்பிடுகிறவர், சாப்பாடும் குறைவு என்றால் பி1 பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

22 ஜனவரி, இரவு 8.20 (பட்டர்வொர்த் மருமகள்)

அக்கா, மன்னிக்கவும், மாத்திரைப் பெயர்களை இப்போதுதான் எழுதுகிறேன். பிசோபிரோலால், ஃபுரூசமைடு, ஸ்பைரோனோலாக்டோன், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின், எம்பாகிளிஃப்ளோசின். தைப்பூசத்துக்கு அத்தை விரதம் தொடங்கிவிட்டார். மூன்று நாளாகப் பகலில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அங்கிள் சொன்னபடி இரவிலும் சோறில்லை, பனீரும் நெய்யும்தான்.

22 ஜனவரி, இரவு 8.31

விரதத்தை இப்போதே முடிக்கச் சொல்லுங்கள், சோறு கொடுங்கள். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீரும். வாந்தியோ வயிற்று வலியோ வேகமான மூச்சோ இருந்தால் இன்றிரவே அவசரப் பிரிவு. காரணம் பிறகு.

23 ஜனவரி, காலை 10.15

வாந்தி இல்லை, கிளினிக்கில் கீட்டோன் பார்த்தார்கள், சற்று ஏறியிருந்தது, எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

காரணம் இதுதான். எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும். 2015-ல் 7,020 இனிப்புநீர்க்காரர்களை வைத்து நடந்த ஆய்வில் இதய நோயால் வரும் மரணம் 38 சதவிகிதம் குறைந்தது. மருந்துத் தொழிலில் அப்படி ஒரு எண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. 2019-ல் இதன் சகோதர மருந்தான டாப்பாகிளிஃப்ளோசின் இனிப்புநீரே இல்லாத தளர்ந்த இதயங்களுக்கும் உதவியது. இது ஏன் உதவுகிறது என்பதில் ஒரு விளக்கம், உடம்பு கொஞ்சம் கீட்டோன் செய்யத் தொடங்கி, பசித்த இதயம் அதை எரிக்கிறது என்பது. அது முழுக் காரணமல்ல என்று பலர் வாதாடுகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். சிறுநீரகத்துக்குச் செய்யும் உதவியும் சேர்ந்திருக்கும்.

ஆனால் இந்த மாத்திரையோடு சோற்றை அறவே நிறுத்தினாலோ, பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ கீட்டோன் அளவுக்கு மீறி ரத்தத்தை அமிலமாக்கிவிடும். கொடுமை என்னவென்றால் மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்துவதும் இதனால்தான். விரதம் இருப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! மாத்திரை கொடுக்கும்போது இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

முதல் நாளே மாத்திரைப் பெயர் கேட்டுவிட்டு, பதில் வராதபோது நான் விரட்டியிருக்க வேண்டும். அரிசி வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன்.

1 பிப்ரவரி, மாலை

கோயில் மண்டபத்தில் யாரோ கார்னிட்டின் பவுடர் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றார்களாம், ஒருவர் கேட்கிறார். கொழுப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகக் கார்னிட்டின் வேண்டும், அது உண்மை. பிறவியிலேயே அது குறைந்தவர்கள் அபூர்வம், அவர்களுக்கு அது உயிர் மருந்து. மற்றவர்களுக்கு உடம்பே செய்துகொள்ளும். 180 வெள்ளிக்கு மீனும் கீரையும் வாங்குங்கள்.

டிரைமெட்டாசிடின் பற்றியும் கேட்டார்கள். அது கொழுப்பு எரிவதைக் கொஞ்சம் தடுத்து இதயத்தைச் சர்க்கரைப் பக்கம் தள்ளும் மாத்திரை. நெஞ்சு வலி சிலருக்குக் குறைகிறது. ஸ்டென்ட் போட்டவர்களுக்குக் கூடுதல் பயன் இல்லை என்று 2020-ல் 6,007 பேரிடம் பார்த்தார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

12 பிப்ரவரி, இரவு

நேற்று தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி. மாரடைப்புக்கு முன் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் பால்குடம் எடுத்து ஏறியவர். ஏழு வருடமாகக் கீழேயே நின்று கும்பிட்டார். இந்த வருடம் டாக்டரிடம் கேட்டு, ஆறு மாதம் தினமும் தாவரவியல் பூங்காவில் நடந்து, கூட்டம் வரும் முன் விடிகாலையில் ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தோம். கால் தசை களைத்து வெளியே தள்ளும் லாக்டேட்டை இதயம் எடுத்து எரித்துக்கொள்ளும், ஏற ஏற அதன் பங்கு கூடும் என்று அவரிடம் சொன்னேன். 'என் காலே என் நெஞ்சுக்குச் சோறு போடுதா?' என்றார்.

200-வது படி தாண்டியதும் மூச்சு வாங்கியது. இறங்கிவிட்டோம். அங்கிருந்தே கோபுரம் தெரிந்தது.

மருமகளே, அத்தை நேற்று பால் பாயசம் கேட்டார் என்று எழுதியிருந்தீர்களே, கொடுத்தீர்களா?